தட்டில் இல்லாதது

தரம் ஆறுக்கு ஆங்கிலம் இரண்டாம் பாடவேளை.
அதற்குள் பனிமூட்டம் கதவு வழியே வந்து
முன்வாங்கில் இடம் பிடித்துவிடும்.

சத்துணவு சமைக்கிறவரிடம் ஒரு தட்டு கடன் வாங்கினேன்.
அதில் பத்துச் சாமான்:
சீப்பு, சாவி, தேய்ந்த சோப், தீப்பெட்டி,
டோர்ச்சில் இருந்து கழற்றிய செத்த பற்றரி,
கரண்டி, கூழாங்கல், நோர்வூட் பஸ் டிக்கட்,
ஒரு உருளைக்கிழங்கு,
யாருடையதென்று இன்றுவரை தெரியாத ஒற்றைச் சொக்ஸ்.

ஒரு நிமிடம் பார்க்கலாம்.
பிறகு என் ஸ்வெட்டரால் மூடுவேன்,
உள்ளே கைவிட்டு ஒன்றை எடுத்து
முதுகுக்குப் பின்னால் ஒளிப்பேன்.
திறந்ததும் எது இல்லையோ அதன் பெயர் சொல்லி
'இஸ் மிஸ்ஸிங்' என்று முடிக்க வேண்டும்.
அவ்வளவுதான் விளையாட்டு.
புத்தகத்தில் அலகு நான்கு, வீட்டுப் பொருட்கள்.

முதல் நாளே யதுசன் எழும்பி
"டீச்சர் இஸ் மிஸ்ஸிங்" என்றான்.
வகுப்பு சிரித்தது. புள்ளி கொடுத்தேன்.
வசனம் சரி.
போன வருஷம் முழுக்க அது உண்மையும்கூட.

மூன்றாம் வாரம் சொல் என் கையை விட்டுப் போயிற்று.
பகல் சோற்றில் முட்டை மிஸ்ஸிங்.
கக்கூசுக் கதவு மிஸ்ஸிங்.
இரண்டு மணி பஸ், எல்லா வெள்ளியும், மிஸ்ஸிங்.
சரோனிகா, யாரும் கேட்காமலே,
ஜன்னலைப் பார்த்தபடி,
"மை ஃபாதர் இஸ் மிஸ்ஸிங்" என்றாள்.
கொழும்பில் ஏதோ கடையில் நிற்கிறாராம்.
இதற்குப் புள்ளி போடுவதா என்று தெரியாமல்
பலகையை அழித்தேன்.
அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை.
பஸ்ஸில் மூன்று பேர் சொன்னார்கள், மூன்று விதமாக.

கொழுந்து மடுவம். தொங்கு தராசு.
டிலோஜனின் அம்மா சாக்கை மாட்ட
முள் பதினெட்டில் நின்றது.
ஈரத்துக்கு ஒன்று கழிவு,
சாக்குக்கு ஒன்று,
மூன்றாவது எதற்கென்று சொல்லும் வழக்கமில்லை.
கொப்பியில் பதினைந்து விழுந்தது.
பதினாறுக்குக் குறைந்தால் அரைப்பேர்.

சாக்கின் அடியைத் தாங்கிக்கொண்டிருந்தவன்
ஒரு கையை எடுத்து, வகுப்பில் உயர்த்துவதுபோலவே உயர்த்தி,
"ஒன் கிலோ இஸ் மிஸ்ஸிங், சேர்" என்றானாம்.

இதையே அவன் அம்மா தமிழில் சொல்லி
எத்தனை தரம் 'வாயாடி' என்று பெயர் வாங்கியிருப்பாள்.
அன்றைக்குப் பேனா நின்றது.
இதுவரை மூன்று கதையும் ஒன்று.
பிறகு, ஐயா பதினாறு என்று திருத்தினார் என்கிறார் ஒருவர்.
இல்லை, சிரித்துவிட்டு அடுத்த சாக்கைக் கூப்பிட்டார்.
இல்லை இல்லை, திரும்ப நிறுத்தார்கள்,
ஈரம் சொட்டிப்போய்ப் பதினேழரைதான் காட்டியது.

திங்கட்கிழமை அதிபர் கூப்பிட்டார்.
"தோட்டத்தில இருந்து ஃபோன் வந்திச்சி.
வகுப்பில என்னதான் படிச்சிக் குடுக்குறீங்க?"
"வீட்டுப் பொருட்கள், சேர். அலகு நான்கு."
ஆறிய பிளேன்டீயை அவர் கொஞ்ச நேரம் கிண்டினார்.
சீனி எப்போதோ கரைந்திருந்தது.
"அத முடிச்சிட்டு அஞ்சுக்குப் போங்க."

போனேன். பக்கத்தைத் திருப்பினேன்.
அலகு ஐந்து: நிறையும் அளவும்.

டிலோஜன் அன்று வரவில்லை.
வகுப்பே எழும்பி அவன் பெயரைச் சொல்லி
'இஸ் மிஸ்ஸிங்' என்று கத்தியபோது
எனக்கு வயிறு பிசைந்தது.
செவ்வாய் வந்தான். சளியாம்.
மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டு
நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையல் தராசுக்கு முன் நின்றான்.
உருளைக்கிழங்கைக் கொடுத்தேன்.

வாங்கினான், வைக்கவில்லை.
முதலில் குனிந்து,
வெறும் தராசில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தான்.